டிவிக்கு முந்தி வரும் கோல்

— இந்தக் காலத்து ஆளுங்களுக்கு வீட்டைப் பூட்டத் தெரியுது, ரேடியோவை அணைக்கத் தெரியல. அப்பன் போன கையோட பூட்டைத் தொங்கவிட்டுப் போயிட்டே. கீழ ஒரு மனுஷன் குடியிருக்கானே, அவன் தூங்க வேணாமா?

— கீழ் வீட்டு மாமாவா? முதல்ல மூச்சு வாங்குங்க. எந்த ரேடியோவைச் சொல்றீங்க?

— உங்கப்பன் ரேடியோதான். தபால் பையைக் கழட்டி மாட்டினதும் காதுகிட்ட வெச்சுக்கிட்டு உக்காருவாரே, அது.

— மேல கரண்டே இல்ல மாமா. மீட்டரைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. நாளைக்குக் குடிவர்றவங்க சாவி வாங்க வர்றாங்க. பெருக்கி விடலாம்னு இப்பத்தான் வந்தேன்.

— கரண்ட் இல்லன்னா பேட்டரி. எனக்கே சொல்லித் தர்றியா?

— சரி, உள்ள வாங்க. செருப்போடயே வாங்க, தரையெல்லாம் மண்ணு.

— பாக்கத்தான் போறேன். நீ சொன்னேன்னு நம்பிட முடியுமா? அந்தப் பரண்ல என்ன?

— ஒரு ஓட்டைக் குடை. அது பாடாது மாமா.

— சிரிக்காத. கடையில நிக்கிற பொண்ணுங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு சிரிப்பு. அந்த ரூம்?

— திறந்துதான் கெடக்கு. பாத்தீங்களா? கட்டில் போயாச்சு, நாற்காலி போயாச்சு. தூசியில உங்க செருப்புத் தடம், என் செருப்புத் தடம். வேற யாரு தடமாவது இருக்கா?

— இல்ல.

— இப்பச் சொல்லுங்க. ரேடியோ பாட்டா கேக்குது உங்களுக்கு?

— பாட்டு இல்ல. தட்டுற சத்தம்.

— என்ன தட்டு?

— உனக்கு ஆட்டம் தெரியுமா?

— பந்தை உதைப்பாங்க, கத்துவாங்க. அவ்வளவுதான் தெரியும்.

— பாதிப் பேருக்கு அதுவும் தெரியாது. போன தடவை மைதானத்துக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னாடி நிக்கிறவன் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு போன்ல தன் மூஞ்சியைப் படம் எடுக்குறான். கோல் விழுது, இவனுக்குத் தெரியல. பக்கத்துல இருக்கறவன்கிட்ட யார் போட்டதுன்னு கேக்குறான். அதான் நான் வீட்லயே உக்காந்து பாக்குறேன். ஆனா வீட்டு டிவியில ஒரு சனியன் இருக்கு. அதுல ஆட்டம் லேட்டா வருது. மைதானத்துல கோல் விழுந்து, அவன் சட்டையைக் கழட்டிச் சுத்தி, திரும்ப மாட்டினப்புறம்தான் நம்ம டிவியில உதைக்கவே போறான்.

— ரேடியோவுல?

— ரேடியோவுல உடனே வந்துடும். உங்கப்பன் அதைக் கேட்டுட்டு மேல இருந்து கைத்தடியால தரையில தட்டுவாரு. நாம கோல் போட்டா ஒரு தட்டு. நமக்கு விழுந்தா ரெண்டு. நான் அங்க பந்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன், இன்னும் நடுக் கோட்டையே தாண்டல, அதுக்குள்ள டக் டக். முடிஞ்சுது. அப்புறம் பாக்குறதுக்கு என்ன இருக்கு? விழப்போறது தெரிஞ்சு, விழுற வரைக்கும் உக்காந்து பாக்குறது கொடுமை. உனக்கு அது புரியாது. என் பொண்டாட்டி விஷயத்துலயும் டாக்டர் அப்படித்தான் முன்னாடியே எல்லாம் சொல்லிட்டாரு. இது போகும், அது போகும், கடைசியில ஒண்ணுமே இருக்காதுன்னு. அப்புறம் ஒவ்வொண்ணா நான் பாத்தேன்.

— அத்தை எப்படி இருக்காங்க?

— இருக்கா. விழுந்த நாள்ல இருந்து அதே கெடைதான். பேச்சு இல்ல, பார்வை ஒரு பக்கமா நிக்குது. நம்ம பேசுறது எதுவும் உள்ள போகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஊட்டுறேன், துடைக்கிறேன், புரட்டிப் போடுறேன். ஆட்டத்துலயாவது நேரம் முடிஞ்சா ஊதிடுறான். வீட்டுல ஊதறதுக்கு எவன் இருக்கான்?

— அப்பாகிட்ட இந்தத் தட்டைப் பத்திக் கேட்டிருக்கீங்களா?

— கேக்காமயா? மாடிப்படியில நிறுத்தி நாக்கைப் பிடுங்குற மாதிரி கேட்டேன். ஊருக்கெல்லாம் கடுதாசி குடுத்த பழக்கம், எனக்கும் ஓசியில கொண்டாந்து போடுறியான்னு கேட்டேன். மனுஷன் சிரிச்சாரு. சரி தம்பி, இனிமே மெதுவாத் தட்டுறேன்னாரு. மெதுவாவும் தட்டல, விடவும் இல்ல.

— அது பழைய கதை. இப்ப என்ன?

— அவரை ஆஸ்பத்திரியில சேத்தப்பவும் தட்டு நிக்கல. நீதான் தட்டுறேன்னு நெனச்சேன்.

— நான் ஆஸ்பத்திரியில அப்பா பக்கத்துலதான் இருந்தேன். இங்க வரவே இல்ல.

— தெரியும். அப்புறம்தான் தெரிஞ்சுது. அவர் செத்த அன்னிக்கும் ஒரு ஆட்டம். ஒரு தட்டு. போட்டோம், ஜெயிச்சோம். எனக்குச் சோறு இறங்கல. அதுக்கப்புறம் எந்த ஆட்டத்துலயும் தப்பாச் சொன்னதில்ல. செத்தவனுக்கு எப்படித் தெரியுது? நான் பேய் பிசாசு நம்புறவன் இல்ல. ஆனா டிவியை ஒழுங்காப் பாத்தே மாசமாச்சு. நான் பாக்குறது கூரையை.

— காத்துல கதவு அடிக்குமோ?

— காத்துக்கு எவன் ஸ்கோர் சொல்றான்?

— அதுவும் சரிதான்.

— இன்னும் ஒண்ணு இருக்கு. இதை நான் எங்க பையன்கிட்டகூடச் சொல்லல. ஆட்டம் இல்லாத நேரத்துலயும் தட்டு வருது. அப்ப மூணு. எப்பவும் மூணுதான்.

— மூணுன்னா?

— கூப்பிடுறாருன்னு நெனக்கிறேன். அவர் போயாச்சு, அடுத்தது என்னை.

— ஐயோ மாமா.

— ஐயோ எல்லாம் வேணாம். நான் முடிவு பண்ணிட்டேன். பையன் ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டே இருந்தான், அம்மாவை ஒரு இல்லத்துல விட்டுடலாம், நல்லாப் பாத்துப்பாங்க, நீங்க என்கூட வந்துடுங்கன்னு. முடியாதுன்னேன். இப்பச் சரின்னுட்டேன். இன்னிக்கு வேன் வருது. ஆட்டம் முடியுற நேரமா வரச் சொல்லியிருக்கேன்.

— அத்தையை அனுப்பப் போறீங்களா? இந்தத் தட்டுக்காகவா?

— அவளுக்கு அங்கயும் கூரைதான், இங்கயும் கூரைதான். எது எந்தக் கூரைன்னு அவளுக்குத் தெரியப் போறதில்ல. எனக்குத்தான் இந்த வீட்டுல படுக்க முடியல.

— சரி. இன்னிக்கு ஆட்டம் ஓடுதா?

— ஓடுது. டிவியைப் போட்டுட்டுத்தான் வந்தேன், ஜன்னல் வழியாக் கேக்குதே. இதுல தோத்தா நம்ம ஆளுங்க கீழ் பிரிவுக்குப் போயிடுவாங்க. அவனுங்களும் ஆட்டக்காரன்னு சொல்லிக்கிறானுங்க. எதிராளி மூச்சு விட்டாலே காலைப் பிடிச்சுக்கிட்டு உருளுறான்.

— அப்போ இங்கயே கொஞ்சம் உக்காருவோம். தட்டு வந்தா ரெண்டு பேரும் கேப்போம். இந்த ஜன்னல் கட்டையில சுவர்ல சாஞ்சு உக்காருங்க.

— நீ பயப்பட மாட்டியா?

— எங்கப்பா மாமா. எனக்கு என்ன பயம்? ஆனா ஒண்ணு. அப்பாவுக்கு ஆட்டமே பிடிக்காது.

— என்ன பேசுற? அப்ப ரேடியோ?

— செய்தி கேப்பாரு. அதுவும் விலைவாசிச் செய்தி வந்தா அணைச்சிடுவாரு. அவர் கைத்தடியைப் பாத்திருக்கீங்களா? இதோ, கதவுக்குப் பின்னாலதான் சாத்தி இருக்கு. அடியில தொட்டுப் பாருங்க.

— ரப்பர்.

— வாங்கின நாள்ல இருந்தே ரப்பர் மூடி. வழுக்காம இருக்கட்டும்னு நான்தான் போட்டுவிட்டேன். நல்லா ஓங்கித் தரையில குத்துங்க. சத்தம் வருதா?

— வரல. அப்ப வேற எதாலயோ தட்டியிருப்பாரு. தட்டுறேன்னு அவர் வாயாலயே ஒத்துக்கிட்டாரே.

— அதான் எனக்கும் புரியல. செய்யாததை ஏன் ஒத்துக்கிட்டாரு?

— இரு. பேசாத.

— சரி.

— கேட்டுதா?

— கேட்டுது. ரெண்டு.

— ரெண்டுன்னா நமக்கு விழுந்துடுச்சு. இப்பப் பாரு, கீழ டிவியில இன்னும் தெரியாம கத்திக்கிட்டு இருக்கானுங்க. இப்ப. இப்ப.

— ஆமா மாமா. எல்லாம் அடங்கிப் போச்சு. நிஜமாவே விழுந்துடுச்சு.

— நான் சொன்னா நம்பினியா? நிக்கிறாரு. இங்கயேதான் எங்கயோ நிக்கிறாரு.

— மாமா, இருங்க. சத்தம் இந்த வீட்டுல இருந்து வரல. நம்ம காலுக்குக் கீழ இருந்து வந்துது.

— கீழ என் வீடு.

— இந்தத் தண்ணிக்குழாயைத் தொட்டுப் பாருங்க. உங்க வீட்டுல இருந்துதானே மேல ஏறுது? இன்னும் அதிருது.

— எனக்குக் காது பாதி போச்சு. வெல்டிங் ஷெட்டுலயே போச்சு. நான் தட்டைக் காதால கேக்குறதில்ல, முதுகாலதான் கேக்குறேன். நாற்காலியைச் சுவரோட சாத்திப் போட்டிருக்கேன்.

— அந்தச் சுவரை ஒட்டித்தான் குழாய் ஓடுது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?

— அவ படுத்திருக்குற ரூம்.

— கட்டில்?

— இரும்புக் கட்டில். நானே வெல்டிங் பண்ணினது. தலைமாட்டுக் கம்பி குழாயோட ஒட்டி இருக்கும். அதுக்கு என்ன இப்ப?

— வீட்டுல இப்ப வேற யாரு இருக்கா?

— யாரும் இல்ல. பகல்ல பாத்துக்குற அம்மா ஆட்டம் தொடங்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் கிளம்பிச்சு.

— அத்தை இருக்காங்க.

— அவ இருந்தா? உனக்குப் பைத்தியமா? அவ கையை நான் தூக்கி வெச்சாத்தான் நகரும். இடது கையில ரெண்டு விரல் ஆடும். அது நரம்பு இழுக்குறதுன்னு டாக்டர் சொல்லியாச்சு.

— அத்தை போட்டிருக்கிற மோதிரம் அந்தக் கையிலயா?

— கழட்ட வரல, விட்டுட்டேன்.

— மாமா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிக்காதீங்க. அப்பா என்னை அடிக்கடி கடையில இருந்து சின்ன பேட்டரி கொண்டுவரச் சொல்லுவாரு. செய்தி கேக்க இவ்வளவு பேட்டரியான்னு கேட்டா, எனக்கில்லம்மா, கீழ ஒரு ரேடியோ குடுத்திருக்கேன்ம்பாரு. உங்களுக்குக் குடுத்திருக்காருன்னு நெனச்சேன். அவர் போனப்புறம் உங்க வீட்டுல பாத்துக்குற அம்மா அதே பேட்டரியைக் கேட்டு வந்துச்சு. டிவி ரிமோட்டுக்குன்னு நெனச்சுக் குடுத்தேன்.

— என் ரிமோட்டுக்குள்ள இருக்கறது பழைய பேட்டரி. தட்டித் தட்டி ஓட்டுறேன்.

— நீங்க ஷெட்டுக்குப் போனப்புறம் அப்பா தினம் கீழ வந்து அத்தைக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுவாரு. அது தெரியுமா?

— சொல்லலியே. எவனும் சொல்லலியே. ரேடியோ வேறயா? அவளுக்கு ஆட்டத்துச் சத்தமே ஆகாது. நான் டிவியில ஆட்டம் போட்டாலே அந்தக் காலத்துல எந்திரிச்சுப் போயிடுவா.

— ஆஸ்பத்திரியில ஒரு நாள் அப்பாகிட்ட கேட்டேன், கீழ் வீட்டு மாமாவை ஏன் சும்மா கோவப்பட விடுறீங்கன்னு. அத்தை கட்டிலுக்கு அடியில ரேடியோ இருக்குன்னு தெரிஞ்சா பிடுங்கிடுவான்னாரு. அப்புறம் ஒண்ணு சொன்னாரு. எனக்கு அப்ப விளங்கல. அவ எனக்காத் தட்டுறா, அவனுக்குத்தானே தட்டுறா அப்படின்னாரு.

— காய்ச்சல்ல ஒளறியிருப்பாரு.

— மாமா, நீங்க ஆட்டம் நடக்கும்போது அந்த ரூமுக்குள்ள போனதுண்டா?

— ஆட்டம் நடக்கும்போது எவன் எந்திரிப்பான்? முடிஞ்சப்புறம் போவேன். ஊட்டுவேன்.

— அதான்.

— என்ன அதான்? நீ சொல்றது நடக்காத காரியம். அவளுக்கு எல்லாம் தெரியும்னா, நான் பக்கத்துல நின்னு பையன்கிட்ட போன்ல பேசினதெல்லாம்? வேனைப் பத்திப் பேசினது? இல்ல. குழாயில காத்து அடைச்சிருக்கும். இரும்பு சூட்டுல விரியும், குளிர்ல சுருங்கும், சத்தம் போடும். இரும்பைப் பத்தி எனக்குச் சொல்லாத.

— ரெண்டு தட்டு, அப்புறம் கோல். இரும்புக்கு ஆட்டம் தெரியுமா?

— விடு. எனக்குத் தலை சுத்துது.

— தெருவுல ஹாரன் அடிக்குது மாமா. வெள்ளை வேன். உங்க வீட்டு வாசல்லதான் நிக்குது.

— சீக்கிரம் வந்துட்டானா? ஆட்டம் முடியட்டும்னு சொல்லியிருந்தேனே. சொன்ன நேரத்துக்கு வர்ற பழக்கமே எவனுக்கும் இல்ல.

— மாமா. மறுபடியும்.

— கேட்டுது.

— மூணு. மறுபடி மூணு. கோலும் இல்ல ஒண்ணும் இல்ல, ஹாரன் அடிச்சதும் மூணு. என்ன அர்த்தம் மாமா அதுக்கு?

— ஒண்ணும் இல்ல. வழியை விடு.

— எங்க போறீங்க? மூணுன்னா என்னன்னு சொல்லிட்டுப் போங்க.

— கல்யாணமான புதுசுல அவ ஷெட்டுக்குச் சோறு கொண்டுவருவா. நான் முகமூடியைப் போட்டுக்கிட்டு வெல்டிங்ல இருப்பேன், கூப்பிட்டா கேக்காது. இரும்புக் கதவுல மோதிரத்தால மூணு தட்டுவா. நெருப்பை நிறுத்து, நான் வந்து நிக்கிறேன்னு அர்த்தம். அது எங்க ரெண்டு பேரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. உங்கப்பனுக்கும் தெரியாது.

— அப்ப அது அத்தைதான் மாமா.

— நான் நம்பல. குழாயில காத்துதான், வேற ஒண்ணும் இல்ல. நான் கீழ போறேன், நீ அந்த வேன்காரனைத் திரும்பிப் போகச் சொல்லு.