உட்கார்ந்த இடத்தில் எட்டாயிரம் அடி

ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிர் சீட்டில் காலேஜுக்குப் போகிற பெண்கள் இரண்டு பேர். புதுப் போன் வைத்திருந்தவள் சொன்னாள்:

"எங்கப்பா நேத்து உக்காந்த எடத்துலயே எட்டாயிரம் அடி நடந்தாருடி."

மற்றவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"இந்தப் போன்தான் நடக்கிற அடியை எண்ணுதே. கிளாஸ்ல யாரு அதிகம் நடக்கிறதுன்னு போட்டி வச்சோமில்ல? எனக்கு நடக்க சோம்பேறித்தனம். அப்பா தறிக்குழியில காலை விட்டு நெய்ய உக்காந்ததும் அவரு கணுக்கால்ல போனை வச்சுக் கட்டிட்டேன். அவரு தறியோட மிதிக்கட்டைய மிதிக்க மிதிக்க இது எண்ணிக்கினே இருந்துச்சு."

"அதான் ஃபர்ஸ்ட் வந்தியா? சரியான ஃபிராடுடி நீ. அவரு ஒண்ணும் கேக்கலயா?"

அவள் போனைப் பைக்குள் வைத்தாள்.

"ரெண்டு மாசமா முட்டி வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தாரு. அதைப் பாக்குற மிஷினுன்னு நெனச்சிக்கினாரு. கட்டு அவுந்துடப் போவுதுன்னு காபி குடிக்கக்கூட தறிக்குழிய விட்டு ஏறல. சாயங்காலம் அவுக்கும்போது கேக்குறாரு, 'என்னம்மா சொல்லுது உன் மிஷினு, கால் பரவால்லயா'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"நல்லா இருக்குதுப்பான்னு சொல்லிட்டேன். இன்னிக்கு டாக்டரைப் பாக்கப் போறதா இருந்தாரு. வேணாம்னுட்டு காலையிலயே தறியில எறங்கிட்டாரு."

ஆட்டோ பெரிய காஞ்சிபுரத்துக்குள் நுழைந்தது.

"திரும்பிப் போய் சொல்லிட்டு வந்துடலாம், வாடி."

"என்னன்னு சொல்றது? போட்டிக்காகக் கட்டுனேன்னா?"

காலேஜ் ஸ்டாப்பில் இரண்டு பேரும் இறங்கிக்கொண்டார்கள்.