சின்னவனுக்கு ஆகாதவை

உங்கள் காத்திருப்பு அறை நாற்காலிகள் முதுகுக்கு இதமாக இருக்கின்றன, டாக்டர். 'நாய் இன்று என்ன சாப்பிட்டது?' என்று ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். மகள் பேனா பிடிக்கும் நிலையில் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் பிழை திருத்தியவன். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

எனக்கும் சின்னவனுக்கும் பகை எதுவும் இல்லை. அவன் மகள் வீட்டு நாய். நான் அங்கே குடிவந்த அன்றே, "சின்னவா, தாத்தா வந்துட்டாரு பாரு" என்று என்னை அவனுக்குத் தாத்தா ஆக்கிவிட்டார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது சாப்பாட்டு மேசையில்தான். கோழியில் நல்ல துண்டெல்லாம் அவனுக்கு, கழுத்து எனக்கு. முட்டை அவனுக்கு முழுசு, எனக்குப் பாதி. கேட்டால், "உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்திப்பா" என்பாள் மகள். எந்தக் கொழுப்பைச் சொன்னாளோ தெரியாது.

ஃபிரிட்ஜ் கதவில் நீங்கள் கொடுத்த பட்டியல் ஒட்டியிருந்தது. நாய்க்கு ஆகாதவை: சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை, காபி, சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் என்று இருபது வரி. மகளுக்கு அது வேதவாக்கு. தாளில் இருப்பதைச் சின்னவன் கண்ணில்கூடக் காட்ட மாட்டாள். இல்லாததை வாரிக் கொடுப்பாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது.

பழைய அச்சகத்துக்குப் போய், அதே எழுத்து, அதே அளவு, உங்கள் மருத்துவமனையின் முத்திரை உட்பட ஒரு தாள் அடித்தேன். கடைசியில் 'அவித்த முட்டை' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். மறுநாளே முழு முட்டை என் தட்டுக்கு வந்துவிட்டது. "நல்லவேளைப்பா, இத்தனை நாளா இதை நான் கவனிக்கவே இல்ல" என்று மகள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

நாக்கு ருசி கண்டுவிட்டது. அடுத்த வாரம் கோழிக்கறி. அப்புறம் ஈரல், மீன், பாலாடைக்கட்டி. சின்னவன் இளைத்துக்கொண்டே வந்தான். நான் சட்டைப் பொத்தான்களைத் தள்ளித் தைத்துக்கொண்டேன். அவன் இளைக்க இளைக்க மகளுக்குப் பயம், பயத்தில் பட்டியலை இன்னும் கறாராகப் பிடித்துக்கொண்டாள். மருமகன் மட்டும் ஒருநாள் ஃபிரிட்ஜ் முன்னால் நின்று, "என்ன மாமா, இந்த லிஸ்ட் வளருதா?" என்று கேட்டார்.

"டாக்டருங்க புதுசு புதுசா கண்டுபிடிக்கிறாங்க மாப்ள" என்றேன்.

உங்கள் உதவியாளர் இத்துடன் மூன்றாவது முறை எட்டிப் பார்த்துவிட்டார். "சார், எழுதிட்டீங்களா? அது என்ன சாப்பிட்டுச்சுன்னு தெரிஞ்சாத்தான் டாக்டர் மேற்கொண்டு வைத்தியம் பார்க்க முடியும்." இன்னும் கொஞ்சம்தான் என்றேன். அரைகுறையாகக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

முப்பதாவது வரியோடு தாள் நிரம்பிவிட்டது. போன வாரம் 'கேரட்' சேர்க்க வேண்டியிருந்தது. கேரட் எனக்குப் பிடிக்காது. ஆனால் சின்னவன் அதைக் கடிக்கும் சத்தம் அதைவிடப் பிடிக்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கினால் மகளுக்குக் கண் வலிக்கும். ஒரே ஒரு வரியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளுவது எங்கள் தொழிலில் அசிங்கம். ஆகவே, உங்கள் வரிகளில் ஒன்றை எடுத்தேன். வீட்டில் யாரும் வாங்காத பொருளாகப் பார்த்துத்தான் எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை.

இன்று காலை மகள் பட்டியலைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், அதில் இல்லாத எதையாவது தேடி அலைந்திருக்கிறாள். "அப்பா, இது லிஸ்ட்ல இல்லவே இல்லப்பா" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. சின்னவன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். எலும்பும் தோலுமாக இருந்தவன், கிண்ணத்தையே நக்கித் தேய்த்துவிட்டான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: உலர்ந்த திராட்சை, இரண்டு கிண்ணம், காலை எட்டரை மணிக்கு. இப்போது மணி பதினொன்றேகால். மகள் வாசலில் நின்று, "என் கையாலதானே குடுத்தேன்" என்று அழுதுகொண்டிருக்கிறாள். அது உண்மைதான், நான் என் கையால் அவனுக்கு எதையும் கொடுத்ததே இல்லை. மற்ற விவரங்களைச் சொல்லி அவளை மேலும் நோகடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சின்னவன் பிழைத்து எழுந்தால் புதுப் பட்டியல் ஒன்று தேவைப்படும். அதை நானே அச்சடித்துத் தருகிறேன். இந்த முறை இரண்டு பக்கமாகப் போட்டுவிடலாம்.