உச்சிக்கு இரண்டடி கீழே

1996 செப்டம்பர், சனிக்கிழமை முற்பகல். ஜெர்மனியின் கொலோன் நகர ட்ராமில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். மூத்தவரின் மடியில் புதிய மலையேற்றச் சப்பாத்துகள் பெட்டியோடு இருந்தன. அவற்றைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"சிவன் இருக்கிற இமயமலை, மேரி. உச்சியில சப்பாத்தோட எப்பிடி நிக்கிறது?"

"கழட்டிப்போட்டு நில்லுங்கோ அக்கா."

"கால்விரல் விறைச்சுப் போயிடுமாம், வழிகாட்டி சொன்னவர். சப்பாத்துக்குக் கீழ இரும்பு முள்ளும் பூட்டோணுமாம்."

"முதன்முதல் ஏறுற ஆக்களுக்கான சின்ன மலைதானே? அதில சிவன் இருக்கமாட்டார்."

"பகிடி விடாதை. வேலையிடத்தில எல்லாரும் போகினம். எனக்கும் சரியான ஆசை. மனம்தான் கேக்குதில்லை."

மேரி அவர் பக்கம் திரும்பினார்.

"கோயிலில மூலஸ்தானத்துக்குள்ள போறனீங்களோ?"

"ஐயர் மட்டும்தான் போவார். நாங்கள் வெளியில நிண்டு கும்பிடுவம்."

"அப்ப உச்சிக்கு ரெண்டடி கீழ நிண்டு கும்பிடுங்கோ."

"பிறகு மலை ஏறினதெண்டு சொல்லேலுமோ?"

"வெளியில நிண்டு கும்பிட்டிட்டு, கோயிலுக்குப் போனதெண்டுதானே சொல்லுறனீங்கள்?"

மூத்தவர் சப்பாத்துப் பெட்டியை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ட்ராம் நின்றது. கதவுகள் திறந்து மூடின.

"ஐயோ அக்கா, நாங்கள் இறங்கிற இடம்!"

"தெரியும், பேசாமல் இரு. வீட்ட போய் இதைப் போட்டு நடந்து பழகோணும்."

"பழகுங்கோ. சாமியறைப் பக்கம் மட்டும் போயிடாதேங்கோ."