முன்னாடி கேட்டுப் பின்னாடி எழுதியவருக்கு

ஓயாத வரிசைக்கும் ஓடாத மின்விசிறிக்கும் நடுவே இருபத்தாறு ஆண்டுகள் அமர்ந்து, வந்தவரை வாங்க என்று வரவேற்று, விசாரணையையே விருந்தோம்பலாக்கிய எங்கள் அகதிகள் பதிவகத்தின் மூத்த பதிவாளர் அம்மையீரே, வணக்கம்!

மாலை வகுப்பில் படிப்பவள் என்பதால் தங்கள் பணி ஓய்வுக்கான இவ்வாழ்த்து மடலை எழுதும் பொறுப்பைக் கடைக்குட்டியான என் தலையில் கட்டிவிட்டார்கள். அடைமொழிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். எதுவும் தங்களுக்குப் பொருந்தியதாகத் தோன்றவில்லை. ஆகவே அனைவர் சம்மதத்தோடும் நடந்த ஒன்றை எழுதுகிறேன்.

நம் படிவத்தில் 'வந்த காரணம்' என்பதற்கு நான்கே கட்டங்கள்: போர், வறட்சி, பிழைப்பு, பிற. பிழைப்பில் குறி விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் சேர்ந்த இரண்டாம் வாரம், இரு மகள்களோடு வந்த தறிக்காரப் பெண் "வேலை தேடித்தான் வந்தேன்" என்றார். நானும் பிழைப்பில் குறியிட்டு முத்திரையைக் கையில் எடுத்தேன். பக்கத்து மேசையிலிருந்து தாங்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தீர்கள்.

"அதுக்கு முன்னாடி என்னம்மா?"

"தறி நின்னுபோச்சு. சாயம் போடத் தண்ணி இல்ல."

"அதுக்கு முன்னாடி?"

"மழை இல்ல. இருந்த ஒரே கிணத்தையும் துப்பாக்கிக்காரங்க பிடிச்சுக்கிட்டாங்க."

"யாரும் கேக்கலையா?"

"என் வீட்டுக்காரர் கேட்டாரு. அதான் நாங்க மூணு பேரா வந்திருக்கோம்."

தாங்கள் என் குறியை அடித்துவிட்டு, படிவத்தைத் திருப்பிப் பின்பக்கம் முழுவதும் எழுதினீர்கள். என்னிடம், "குறி போட என்ன அவசரம்? பஸ்ஸா போயிடும்?" என்று மட்டும் கேட்டீர்கள். அந்தச் சிறுமிகள் இருவரும் இன்று இங்கேதான் பள்ளிக்குப் போகிறார்கள்.

முன்னாடி கேட்டுப் பின்னாடி எழுதுபவர் என்று தங்களைக் கேலி செய்தவர்கள்தாம் நாங்கள். ஆனால் போர் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு வரப்புத் தகராறும், தடுக்கப்பட்ட ஒரு மொழியும், ஏறிப்போன தானிய விலையும் இருந்ததை அந்தப் பின்பக்கங்களில்தான் படித்தோம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. தங்களிடம் அந்தக் கேள்வியை நாங்கள் யாரும் கேட்டதேயில்லை. தாங்கள் போகும் காரணம் 'வயது' என்று ஓய்வுப் படிவம் சொல்கிறது. இந்த நாற்காலிக்கு வந்த காரணம்? அதற்கு முன்னாடி?

இம்மடலுக்கு இன்னும் சட்டம் போடவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. தாங்கள் எழுதித் தந்ததும் இருபுறமும் கண்ணாடி வைத்துத் தருகிறோம். நலம் குன்றாமல் நெடுங்காலம் வாழ்ந்து, நிதானமாக எழுதுங்கள். பஸ் ஒன்றும் போய்விடாது.

கேட்கக் காத்திருக்கும்,
பதிவக ஊழியர்கள்