உள்பக்கக் கைப்பிடி

கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புக் கன்டெய்னருக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. உள்ளே மாட்டிக்கொண்ட பிறகுதான் எனக்கே இது தெரிந்தது. ஜன்னல் எங்கே வைக்கலாம் என்று அளவெடுக்கப் போனவன், புழுதி அடிக்கிறதே என்று கதவை நானே காலால் இழுத்துச் சாத்தினேன். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, தானாக விழும் கொக்கி ஒன்றை முந்தின நாள்தான் வெளியே பொருத்தியிருந்தேன். வாழ்நாளில் நான் பொருத்தியவற்றில் முதல் முயற்சியிலேயே ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான். மூன்று மணி நேரம் கழித்துத் தண்ணீர் லாரி டிரைவர் வந்து திறந்துவிட்டார். "நல்லா அளந்தீங்களா சார்?" என்று கேட்டார்.

ஐயா, நடந்ததை ஒளிக்காமல் எழுதச் சொன்னீர்கள். இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முப்பது வருடம் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊருக்கு வெளியே கொஞ்சம் மேட்டு நிலம் வாங்கினேன். கரண்ட் கம்பி வராது, குழாய்த் தண்ணீர் வராது. கூரையில் சோலார் தகடு, மழை நீருக்கு ஒரு தொட்டி, உள்ளேயே ஒரு மூலையில் மரத்தூள் போட்டு மூடும் கழிவறை. யாரையும் எதற்கும் எதிர்பார்க்காமல் நானும் மனைவியும் வாழலாம் என்பது என் திட்டம். வீடாக்குவதற்கு வாங்கிய கன்டெய்னர் லாரியில் பாதி வழி வந்த பிறகு அவளுக்கு போன் செய்து சொன்னேன். ஆச்சரியப்படுத்தலாம் என்றுதான். "கன்டெய்னரா?" என்று அவள் மூன்று தடவை கேட்டாள். சந்தோஷத்தில் நம்ப முடியாமல் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

எட்டு மாதம் தனியாக வேலை பார்த்தேன். வாரம் ஒரு தடவை அவளிடம் கேட்பேன், எப்போது வருகிறாய் என்று. "வெயில் குறையட்டும்" என்பாள். குறைந்தது. "ஜன்னல் வைங்க முதல்ல." நான்கு வைத்தேன். ஏதாவது மிருகம் வந்துவிடும் என்று கம்பி போட்டு வைத்தேன். "உள்ள கைப்பிடி வெச்சாச்சா?" வெல்டர் கிடைக்கவில்லை என்றேன். கடைசியில், "அண்ணன் வந்து பாத்துட்டுச் சொல்லட்டும்" என்றாள்.

என் மச்சான் லிஃப்ட் கம்பெனியில் தரம் பார்ப்பவராக இருந்தவர். கல்யாணத்தன்று மேடையை ஆட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு என்னையும் ஏற இறங்கப் பார்த்தவர். ஒரு பையும் அட்டையில் செருகிய பேப்பருமாக வந்து இறங்கினார். இரண்டு நாளில் இருபத்து மூன்று குறை எழுதினார். முதல் குறை கைப்பிடி. இரண்டாவது, கூரைத் தகரம் கொதிக்கிறது. பதினேழாவது, வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறார்.

"மாப்ள, மனசுல வெச்சுக்காதீங்க. இதுல என் தங்கச்சி ஒரு நாள் தாங்கமாட்டா. நான் போய் உள்ளதச் சொல்லிடுறேன்."

மூன்றாம் நாள் காலை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று திரும்ப உள்ளே போனார். காற்று வந்து கதவைச் சாத்தியது. கொக்கி விழுந்தது. காற்றுதான் சாத்தியது, அதில் பொய் இல்லை. திறக்காமல் இருந்தது நான்.

முதலில் பத்து நிமிடம் யோசிக்கலாம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பேப்பர் ஊருக்குப் போனால் எட்டு மாத வேலை போச்சு. குறைகளைச் சரிசெய்துவிட்டால் அவரே நல்லபடியாகச் சொல்லிவிடுவார். அவர் உள்ளே இருந்தபடி சொல்வதும், நான் வெளியே இருந்தபடி செய்வதும் இரண்டு பேருக்கும் வசதி. அவர் சத்தம் போட்டது உண்மை. நல்ல கனமான குரல். ஆனால் பக்கத்து வீடு முக்கால் மணி நேர நடை.

அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, ஐயா. மூன்று வேளை சாப்பாடும் நாலு வேளை டீயும் ஜன்னல் வழியாகப் போனது. நல்ல மெத்தை அவருக்கு. நான் பேட்டரிக் கொட்டகையில் படுத்தேன். சத்தம் போட்டு ஓய்ந்து இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தவர், அடுத்த நாள் தாங்க முடியாமல் கத்தினார்: "யோவ், அந்தத் தகட்ட இன்னும் கொஞ்சம் சாய்ச்சு வைய்யா! சூரியன் எங்க இருக்கு, நீ எங்க காட்டுற?" சாய்த்தேன். மின்விசிறி வேகமாகச் சுற்றியது. அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கூரை மேல் ஓலை வேய்ந்தேன். மரத்தூள் எத்தனை கரண்டி போட வேண்டும் என்பதை அவர் என்னைவிடத் துல்லியமாகக் கண்டுபிடித்தார். சாயங்காலம் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் சீட்டுக்கட்டு. எட்டு மாதத்தில் அப்படி நான் சிரித்ததில்லை. அவர் சிரித்தாரா என்று கேட்டீர்கள். சீட்டில் ஜெயித்தார்.

அவருடைய போனைப் பற்றியும் கேட்டீர்கள். சார்ஜ் போடுவதற்காக முதல் நாளே என்னிடம் கொடுத்திருந்தார். மேகமூட்டம், சார்ஜ் ஏறவில்லை என்றேன். அந்த வாரம் மேகமே இல்லை. தங்கச்சி கவலைப்படக் கூடாதே என்று அதிலிருந்து நான்தான் செய்தி அனுப்பினேன்: 'வீடு அருமை. இன்னும் சில நாள் இருக்கிறேன்.'

வெல்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெல்டர் கிடைத்தார். ஜன்னல் கம்பி வைக்க இரண்டு தடவை வந்தார். "உள்ள ஒரு கைப்பிடி வெச்சுடவா சார், அஞ்சு நிமிஷ வேலை" என்று அவரே கேட்டார். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கைப்பிடி அன்றும் என் கருவிப் பெட்டியில்தான் இருந்தது. என் மச்சான் வருவார் என்று அப்போது எனக்குத் தெரியாது. வரப்போவது மனைவி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதவு சாத்திய ஒன்பதாம் நாள் தண்ணீர் லாரி வந்தது. டிரைவருக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து அவள் இறங்கினாள்.

"எங்கண்ணன் பொறந்ததுல இருந்து ஒரு பொருளையும் அருமைன்னு சொன்னதில்ல" என்றாள். "கதவத் திறங்க."

டிரைவர் ஜன்னலை எட்டிப் பார்த்தார். "போன தடவ நீங்க, இந்தத் தடவ இவரா?"

திறந்தேன். மச்சான் வெளியே வந்து வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினார். என்னை அடிப்பார் என்று நின்றேன். பேப்பரை நீட்டினார். இருபத்திரண்டு குறைகளுக்கு நேரே டிக் போட்டிருந்தது, பதினேழாவதுக்குக்கூட. முதல் குறை மட்டும் அப்படியே இருந்தது. பிறகு லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நேராக உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்தார் என்று பின்னால் தெரிந்தது. புகாரில் அவர் எழுதியதெல்லாம் சரி. தரம் பார்த்தவர், தப்பாக எழுதமாட்டார்.

அவள் மட்டும் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்கத் தன் பையை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். குழாயைத் திறந்து மூடினாள். விசிறியைப் போட்டாள். ஜன்னல் ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இத்தனையும் இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் செய்தேன், ஐயா.

"வீடு பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

வழக்கம்போல் வெயில், மழை, அண்ணன் என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

"ரொம்பப் பிடிச்சிருக்கு. நான் மட்டும்னா நாளைக்கே வந்துடுவேன். உங்ககூடத்தான் முடியாதுங்க."