மாத்துக்குறி

– செங்கல்லத் துளைச்சுக்கிட்டு வர அது என்ன பீரங்கிக் குண்டாம்மா? பட்டாணி தண்டி பிளாஸ்டிக் உருண்டை!

– துளைச்சுதுன்னு நான் சொல்லவே இல்லியே, மியோத்ராக் அண்ணே.

– பின்ன? நான் நின்னது பழைய செங்கல் சூளையோட புகைக்கூண்டுக்குப் பின்னால. நீ படுத்துக் கிடந்தது முன்னால, களிமண் குழியில. நடுவுல அஞ்சடி அகலத்துக்குச் சுவரு. அப்ப என் தோள்ல பட்டது எங்கயோ முட்டித் தெறிச்ச குண்டு. தெறிச்ச குண்டு கணக்குல வராது. இந்த ஏர்சாஃப்ட் துப்பாக்கி விளையாட்டு ஆடற எந்தப் பச்சப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும்.

– அப்புறம் எதுக்குக் கையத் தூக்கினீங்க? எதுக்குச் செகப்புத் துணியத் தலையில போட்டுக்கிட்டு இந்தச் செத்தவங்க கொட்டகைக்கு வந்து உக்காந்திருக்கீங்க?

– பழக்கதோஷம். பட்டதும் கை தானா மேல போயிருச்சு. உக்காந்து யோசிச்சப்பத்தான் சந்தேகம் வருது. ஆமா, நீ ஏன் இங்க வந்த?

– உங்களைச் சுட்ட அடுத்த நிமிஷமே உங்க ஆளு ஒருத்தன் என்னைப் போட்டுட்டான். குதிச்சதுல குட்டையில விழுந்து ரேடியோவும் போச்சு. அங்க என்ன நடக்குதுன்னே தெரியல.

– தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? சங்கு ஊதியாச்சு. ஆட்டம் முடிஞ்சுது.

– முடிஞ்சுது சரி, ஜெயிச்சது யாரு? சங்கு ஊதறப்போ புகைக்கூண்டுகிட்ட உயிரோட எந்த அணி ஆளு நிக்கறானோ அந்த அணிக்குத்தான் பரிசுக் கொப்பரை. உங்களுக்குப் பட்டது உண்மைன்னா அங்க நின்னது எங்க ரேல்யா. எங்க ஊரு செந்தா ஜெயிச்சுது. தெறிச்ச குண்டுன்னு நீங்க சொன்னா, நீங்க சாகவே இல்ல. ஏழாவது வருஷமும் உங்க ஊரு கிகிந்தாதான். பெயிண்டு இல்ல, கறை இல்ல, அடிபட்டவர் வாய்தான் சாட்சி. நடுவர் பாந்தா வந்து உங்களைத்தானே கேப்பாரு?

– கேப்பான், கேப்பான். அவசரப்படாத. அங்க ஒரே கூச்சலாக் கெடக்கு.

– அது என்ன கூச்சல்?

– நான் என்ன சொல்லப்போறேனோன்னு ரெண்டு ஊர்க்காரனும் அடிச்சுக்கறானுங்க போல. இந்தா, சூரியகாந்தி விதை கொறி.

– வேணாம். ரொட்டி மேல ஆணையிட்டுச் சொல்லுங்க, அது தெறிச்ச குண்டுதான்னு.

– நான் ரொட்டிக்கடைக்காரன்மா. ரொட்டிய இதுல இழுக்காத. நீ என்னமோ மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பாக்கறவளாமே? யாஸ்னாதானே பேரு? இத்தனை வருஷத்துல உன்னை முன்வரிசையில பாத்ததே இல்லையே.

– எப்படிப் பாப்பீங்க? பன்னெண்டு வருஷமா எனக்குக் கொடிக் காவல். முன்னால அனுப்புங்கன்னு கேட்டா ரேல்யா சிரிப்பான். புருஷனோட தம்பி, அவன்தான் கேப்டன், என்ன பண்றது? இன்னிக்கு ஒரு ஆளுக்குக் காய்ச்சல், வேற வழியில்லாம அனுப்பினான். "அண்ணி, இன்னிக்கு ஒண்ணும் கிழிக்கலன்னா சாகற வரைக்கும் கொடிதான்"னு சொல்லித்தான் அனுப்பினான். அண்ணே, இந்தக் குண்டு கணக்குல வரலன்னா நான் செத்தேன். இந்தச் சாவு இல்ல, நெசமாவே.

– அது சரி. துப்பாக்கிய இங்க காட்டு. மேல ஸ்கோப்பு, பக்கத்துல இது என்ன ரெண்டு தகரம்? ஸ்கோப்பு உதவாதப்போ குறி பாக்கற மாத்துக்குறியா? அட போம்மா! ஒரு கல்யாணத்துக்கு எதுக்கு ரெண்டு மாப்பிள்ளை?

– முத மாப்பிள்ளைக்கு நவம்பர் பனியில கண்ணு தெரியலன்னா?

– நல்ல ஸ்கோப்பா வாங்கணும்.

– எவ்வளவு நல்ல ஸ்கோப்பா இருந்தா என்ன? குண்டு பட்டு லென்ஸ் உடையக் கூடாதுன்னு முன்னால பிளாஸ்டிக் மூடி போடறோம்ல, அதுக்கும் லென்ஸுக்கும் நடுவுல ஆவி போய் ஒக்காந்துக்கும். வெளிய துடைச்சாப் போகாது. கழட்டித் துடைக்கறதுக்குள்ள நீங்க என்னைச் சுட்டுட்டு வீட்டுக்குப் போய் மாவு பிசைஞ்சிருப்பீங்க. கண்ணாடி ஆவி புடிக்கறதப் பத்தி எங்கிட்டயா சொல்றீங்க?

– சரி, ஆவி புடிச்சுது, மாத்துக்குறிய எடுத்த. ஆனா அது வலது பக்கமாச் சாஞ்சில்ல இருக்கு? அதுல பாக்கணும்னா துப்பாக்கிய இடது பக்கமாச் சாய்க்கணும். சாய்ச்சா குண்டு நேராப் போகாதே! கிகிந்தாவுல ஒருத்தனும் இதை மாட்ட மாட்டான். பத்தடியில நிக்கறவனைச் சுட வேணா உதவும். அதுக்கு மேல வெறும் கனம்.

– ஏன் நேராப் போகாது? சொல்லுங்க பாப்போம்.

– என்னைச் சோதிக்கறியா? குழல் உள்ள மேல ஒரு ரப்பர் இருக்கு. அது குண்டைப் பின்பக்கமாச் சுத்தி விடுது. அந்தச் சுத்துலதான் குண்டு கீழ விழாம மெதந்து போகுது. துப்பாக்கிய இடது பக்கம் சாய்ச்சா சுத்தும் சாஞ்சுடும். குண்டு இடது பக்கமா வளைஞ்சு...

– சொல்லுங்க. ஏன் நிறுத்திட்டீங்க?

– வளைஞ்சு போகும்.

– எங்க போகும்?

– இரும்மா. நீ என்ன சொல்ல வர்ற? வேணும்னேவா?

– எல்லாரும் இது மாத்துக்குறியோட குறைன்னு திட்டறாங்க. நானும் திட்டினேன். கொடிக்குக் காவல் இருக்கறவளுக்கு நாள் பூரா என்ன வேலை? மரத்துக்குப் பின்னால ஜாம் டப்பாவ வெச்சு சாய்ச்சுச் சாய்ச்சுச் சுட்டேன். ரெண்டு வருஷம். அது குறை இல்ல அண்ணே, அது இன்னொரு துப்பாக்கி!

– என்னை நீ பாக்கவே முடியாதே.

– உங்க மூச்சு தெரிஞ்சுது. சுவரோட வலது விளிம்புல புகை புகையா வந்துது. சுவத்துல ஒட்டாம நாலடி தள்ளி நின்னீங்க, புகை வந்த இடத்தை வெச்சு கண்டுபிடிச்சேன்.

– எவ்வளவு தூரம்?

– முப்பத்தஞ்சு மீட்டர்.

– ரப்பரை அழுத்தற சக்கரத்தை எவ்வளவு முறுக்கின? வழக்கம்போலவா?

– வழக்கத்துக்கு மேல ரெண்டு பல்லு. நேராப் புடிச்சா வானத்துக்குப் போயிடும். சாய்ச்சாத்தான் பக்கமா இழுக்கும். எதுக்குக் கேக்கறீங்க?

– நம்பணும்ல? வாய் சொல்றதெல்லாம் குண்டு கேக்குமா? சங்குதான் ஊதியாச்சே, சுட்டுப் பாக்கற மூலைக்கு வா. அந்தக் கம்பத்துக்குப் பின்னால நான் ஒரு காலி டப்பாவ வெக்கறேன். நீ சுடு. பட்டுதுன்னா பேசலாம்.

– பாந்தா வந்துட்டாருன்னா?

– வந்தா நிப்பான். எண்ணிப் பாத்துட்டேன், சரியா முப்பத்தஞ்சு. ம், கண்ணாடிய மாட்டிக்க. சுடு.

– இதோ, சுட்டுட்டேன்.

– கம்பத்துல பட்டுருச்சு.

– இன்னொரு தடவை சுடறேன். என்னோட பன்னெண்டு வருஷம் அந்த டப்பாவுல நிக்குது.

– மூச்சை விடு. மெதுவா. அவ்வளவு சாய்க்கணுமா?

– குறி கண்ணுக்கு நேரா நிமிந்து நிக்கற வரைக்கும். அதுக்கு மேல சாய்ச்சா தரையில போகும். கம்பத்தோட விளிம்பைப் பாக்கக் கூடாது, அதுக்கு ஒரு முழம் வலது பக்கம் வெறும் காத்தைப் பாக்கணும்.

– ஒரு முழம்.

– ஆமா. இப்பப் பாருங்க.

– டங்குன்னுதே!

– இன்னொண்ணு.

– ஏய்! ரெண்டாவதும் பட்டுருச்சு! உருண்டு போவுது பாரு! ரொட்டி மேல ஆணையா சொல்றேன் யாஸ்னா, முப்பது வருஷமாத் துப்பாக்கி புடிக்கறேன், இப்படித் திரும்பிப் போற குண்டை நான் பாத்ததே இல்ல. அந்த ரெண்டு தகரத்தையா வெறும் கனம்னு சொன்னேன்?

– சொன்னீங்க.

– என் வாய்ல மண்ணு.

– மண்ணு எதுக்கு, உண்மைய சொன்னாப் போதும். அண்ணே, எனக்கு அழுகையே வருது. அந்தக் குண்டு வளைஞ்சப்போ ஒரு சத்தம் போடக்கூட முடியல, படுத்துக்கிட்டே குழிக்குள்ள சிரிச்சேன். அத்தனை பேரும் நேராச் சுட்டு ஆறு வருஷம் தோத்தாங்க. நான் சாய்ச்சு ஒண்ணு விட்டேன். அதை இல்லைன்னு சொல்லிடாதீங்க. அதோ, பாந்தா வர்றாரு, நோட்டோட. சொல்லிடுங்க.

– பின்னால ஓடி வர்றது யாரு பாரு.

– ரேல்யா! எங்க ஆளுங்க எல்லாரும்! ஏன் இப்படிக் கத்திக்கிட்டு ஓடி வர்றாங்க?

– உன்னைத் தோள்ல தூக்க வர்றானுங்கம்மா. குண்டு பட்ட அந்த நிமிஷமே, தெறிக்காம நேராப் பட்ட அடிதான்னு பாந்தாவோட நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் நான் இங்க வந்தேன். எப்படிம்மா அடிச்சன்னு மரியாதையாக் கேட்டிருந்தா, செந்தாக்காரி எவளாவது கிகிந்தாக்காரனுக்கு வாயத் திறப்பாளா?