கடைசி நிறுத்தத்தில் எட்டு நிமிடம்

— இறங்கு தம்பி, இதுதான் கடைசி நிறுத்தம். அந்தப் பள்ளிக்கூடத்துலதான் ஓட்டு. டிராம் எட்டு நிமிஷம் நிக்கும், ஓடிப்போய்ப் போட்டுட்டு வா.

— லாத்வியா நகராட்சி அரசியல் எனக்கு எதுக்கு ரிம்மாக்கா? நான் லிஸ்பன்காரன். இங்க வந்து முழுசா ஒரு வருஷம்கூட ஆகல.

— ஐரோப்பாக்காரன்தானே? இங்க பேர் பதிஞ்சு மூணு மாசம் இருந்தா போதும், நகராட்சிக்கு ஓட்டு உண்டு. கேளு, இங்க கட்சிப் பட்டியலுக்குத்தான் ஓட்டு; நீ எடுக்க வேண்டியது அஞ்சாம் நம்பர் பட்டியல். அதுல எல்மார்ஸ்னு ஒருத்தன். இந்த டிராமை மூடக் கூடாதுங்கிறவன் அந்தக் கட்சியிலயே அவன் ஒருத்தன்தான். அவன் உள்ள போகலைன்னா பனி விழறதுக்குள்ள தண்டவாளத்தைப் பேத்துடுவாங்க. முப்பத்தோரு வருஷமா இதை ஓட்டறேன். வேற எதையும் எனக்கு ஓட்டத் தெரியாது.

— எங்க ஊர்லயும் டிராம் இருக்குக்கா. டூரிஸ்ட் கூட்டத்துல ஊர்க்காரன் ஏறவே முடியாது. மூடினா நிம்மதி.

— வாயைப் பாரு.

— ஆமா, தேர்தல் அன்னிக்குப் பிரசாரம் பண்ணக் கூடாதாமே?

— நான் எங்க பிரசாரம் பண்றேன்? டிராம் ஓட்டறேன்.

— அப்ப நீங்களே போட்டுட்டு வாங்களேன். வண்டியை நான் பார்த்துக்கறேன்.

— இந்தா, என் பாஸ்போர்ட். படி.

— அட, ஊதாக் கலர்ல இருக்கே. ‘குடிமகன் அல்லாதவர்’. எந்த நாட்டுக்கு?

— இந்த நாட்டுக்கு.

— பாஸ்போர்ட் கொடுத்தது?

— இந்த நாடுதான்.

— சரி, பிறந்தது?

— அதோ, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி தெரியுதே, அந்த ஆஸ்பத்திரியில. அம்மா அப்பா சோவியத் காலத்துல ரஷ்யாவுலேர்ந்து ஆலை வேலைக்கு வந்தவங்க. அதான் குத்தம். நாடு தனியானதும் அப்படி வந்தவங்க பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லன்னுட்டாங்க.

— பரீட்சை எழுதினா குடியுரிமை தர்றாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்களே.

— தேசிய கீதம் கேப்பாங்க. அடுப்படியில தினம் பாடறதுதான். ஆனா அவங்க முன்னாடி போய் நிக்கணும்னா கால் வரல. பிள்ளை பெத்தவளைப் பொண்ணு பார்க்க வந்த மாதிரி இருக்கு.

— அப்போ நீங்க ஓட்டே போட்டதில்லையா?

— ஒரே ஒரு தடவை. தொண்ணூத்தொண்ணுல. பேசிப் பேசியே ரெண்டு நிமிஷம் போச்சு, ஓடு!

— அவன் பேருக்கு என்ன பண்ணணும்?

— ஒரு குறி போடணும்.

— என்ன குறி?

— அந்தச் சீட்டை நான் எங்க கண்டேன்? உங்க ஊர்ல எப்படிப் போடுவியோ அப்படிப் போடு.

— வந்துட்டேன்க்கா, ஓட்டுப் போட்டாச்சு.

— அதுக்குள்ளயா? இன்னும் ஒரு நிமிஷம் இருக்கே. ஏன் முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?

— எங்க ஊர்ல பிடிச்சவனுக்குப் பெருக்கல் குறி போடுவோம். நல்லாப் பெருசா, எல்மார்ஸ் பேர் மேலயே போட்டேன்.

— சரி.

— வெளிய வரும்போதுதான் சுவத்துல படம் பார்த்தேன். இங்க பிடிச்சவனுக்குக் கூட்டல் குறியாம். பேர் மேல கோடு விழுந்தா அந்த ஆள் வேணாம்னு அர்த்தமாம். கட்சிக்கு ஓட்டு போயிடுச்சு. அவனை மட்டும் அடிச்சுட்டேன்.

— எல்மார்ஸையா?

— திட்டுங்கக்கா.

— உள்ள வா. படியில நிக்காத, கதவை மூடணும்.

— சத்தியமா வேணும்னு செய்யல. இவ்வளவு நம்பி அனுப்பினீங்க. என்ன ஆகும்னே தெரியாம போட்டுட்டு வந்திருக்கேன்.

— விடு. நானும் அப்படித்தான்.

— தொண்ணூத்தொண்ணுலயா? யாருக்குப் போட்டீங்க?

— ஆளுக்கு இல்ல. சோவியத்தை விட்டு லாத்வியா தனி நாடாகணுமா வேணாமான்னு, இங்க குடியிருந்த எல்லார்கிட்டயும் கேட்டாங்க. குளிர்ல வரிசையில நின்னு, ஆகணும்னு போட்டேன். அன்னிக்கு வாசல்ல யாரும் என்னைத் தேசிய கீதம் பாடச் சொல்லல, தம்பி.